ஒப்புக்குச் சப்பாணியும் வகுப்பறையும்

(நமது பங்கின் யூபிலி விழாவை முன்னிட்டுச் சரவணம்பட்டியில் நடைபெற்ற பெற்றோர், ஆசிரியர், மறைக்கல்வி ஆசிரியர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



'விளையாட்டின் வழியே கல்வி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்த விழாக் குழுவினர், அரைமணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக அதையும் கடைப்பிடிக்க முயல்கிறேன்.

நான் வகுப்பில் இருந்த காலத்தில் தாய்மார்கள் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க டீச்சர், புள்ளைங்க பள்ளிக்கூடத்துல விளையாடிட்டே இருக்குதுங்களாமா? அப்பறம் எப்பங்க படிக்கும்?" கேட்டதில் தவறு இல்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. சரவணம்பட்டியின் பழைய ஆட்களுக்குத் தெரியும், சத்தி ரோட்டின் இருபக்கமும் காடுதோட்டமாக இருந்த கிராமம் இது. 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்து, இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிற்கிற இடமாகிவிட்டது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பெற்றோருக்குப் படிப்பு என்பது ஏணி. அந்த ஏணியடியில் பிள்ளை புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தால் மனம் பதறத்தானே செய்யும்? ஆகவே அந்தத் தாய்க்குப் பதில் சொல்வதாகவே இந்த உரையை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் வேதத்திலிருந்து இரண்டு இடங்களை நினைவுபடுத்துகிறேன். இறைவாக்கினர் செக்கரியா, மீட்கப்பட்ட எருசலேமை வருணிக்கும்போது, அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவார்கள் என்கிறார். நகரம் நலமாயிருப்பதற்கு அவர் கண்ட அடையாளங்களில் அது ஒன்று. இன்னோர் இடம் மத்தேயு நற்செய்தி 11ஆம் அதிகாரம். நம் ஆண்டவர், சந்தை வெளியில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளை உவமையாகச் சொல்கிறார். ஒருநேரம் கல்யாண விளையாட்டு, ஒருநேரம் சாவு விளையாட்டு. ஒரு கூட்டம் கூப்பிடுகிறது. மற்றக் கூட்டம் எதற்கும் சேர மறுக்கிறது. அந்தப் பகுதியின் பொருள் வேறு என்பதை அறிவேன். தந்தையர் முன்னிலையில் மறையுரை ஆற்றத் துணிய மாட்டேன். ஆனால் ஆசிரியையாக எனக்கு அதில் ஒன்று தெரிகிறது. ஆட்டத்தில் சேராமல் நிற்கும் பிள்ளைகளும் ஆண்டவரின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். நம் வகுப்பறையில் நமக்கு அவர்கள் தெரிகிறார்களா?

எந்த விளையாட்டை வகுப்பறைக்குள் விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்த ஆட்டத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு எத்தனை முறை வாய்ப்பு வருகிறது?

எண்ணிப் பாருங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாய்ப்பாடு கேட்கிறோம். தவறாகச் சொன்னவன் 'அவுட்', உட்கார வேண்டும். கடைசிவரை நிற்பவனுக்குக் கைதட்டல். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். மீதி இருபது நிமிடமும் அவனுக்குப் பயிற்சியே இல்லை. ஏற்கெனவே தெரிந்தவனுக்குப் பத்துமுறை பயிற்சி. பசித்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, சாப்பிட்டவனுக்கே மறுபடியும் பரிமாறுகிற கதை இது. நம் பங்கில் நடக்கிற விவிலிய வினாடி வினாவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பெரும்பாலும் அதே மூன்று பிள்ளைகள்தாம் ஆண்டுதோறும் பரிசு வாங்குகிறார்கள். வாங்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் போட்டி வேறு, பாடம் நடத்துவது வேறு.

போட்டியை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில் நம் திருச்சபைக்கே பெரிய பங்கு உண்டு. இயேசு சபையார் 1599ஆம் ஆண்டு வெளியிட்ட கல்வித் திட்டத்தின்படி நடந்த பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பை உரோமையர், கார்த்தேஜியர் என்று இரு படைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் எதிரணியில் ஒரு போட்டியாளன் உண்டு. இவன் இலத்தீனில் பிழை விட்டால் அவன் திருத்த வேண்டும். திருத்தியவனுக்கு மதிப்பு கூடும். பிரம்படியே கல்வி என்றிருந்த காலத்தில் அது எவ்வளவோ மேலானது. அதில் நான் மெச்சுகிற அம்சம், ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி இருந்ததுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஈடுபட இடம் இருந்தது. நாமோ அந்த ஜோடியை மறந்துவிட்டு, படைகளையும் வெற்றி முழக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புனித தொன் போஸ்கோவை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 1815இல் இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்தவர். சந்தைக்கு வரும் கழைக்கூத்தாடிகளைப் பார்த்துப் பார்த்து வித்தை கற்றுக்கொண்ட சிறுவன், இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்து காட்டுவான். கூடியவர்கள் கொடுக்க வேண்டிய கட்டணம், சேர்ந்து செபமாலை சொல்வதும் அன்று கோவிலில் கேட்ட மறையுரையை அவன் திருப்பிச் சொல்லும்போது கேட்பதும். பின்னாளில் தூரின் நகரில் அவரும் அவருடைய குருக்களும் பிள்ளைகளோடு முற்றத்தில் இறங்கி ஓடி ஆடினார்கள். 1877இல் அவர் எழுதிய முன்தடுப்புக் கல்விமுறை பற்றிய சிறு நூலிலும் பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் சத்தம் போடவும் தாராளமாக இடம் விடச் சொல்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெக்கியில் கயிற்று வித்தை முன்னால், செபம் பின்னால். வித்தை என்பது கூட்டிச் சேர்க்கும் மணி. வகுப்பறையில் அதுமட்டும் போதாது என்பது என் எண்ணம். மாத்திரையின்மேல் சர்க்கரை தடவுவதுபோல, பாடத்திற்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, "சரி, போதும், இப்போது புத்தகத்தை எடு" என்றால், பிள்ளை புத்தகத்தைத்தான் வெறுக்கும். ஆட்டத்திற்குள்ளேயே பாடம் இருக்க வேண்டும்.

அதற்கு நம் ஊர்த் திண்ணைகளில் இருக்கிற பொருளே போதும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 புளியங்கொட்டை. வெறுமனே ஆடவிட்டால் பிள்ளை எண்ணப் பழகும், அவ்வளவுதான். நான் ஒரு சட்டம் சேர்ப்பேன். கொட்டையை அள்ளியபின், முதல் கொட்டையைப் போடுவதற்கு முன்பாக, கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று சொல்ல வேண்டும். குழிகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டிருப்போம். மூன்றாம் குழியில் ஒன்பது கொட்டை இருக்கிறது. அள்ளினால் கடைசி எங்கே? பிள்ளை முதலில் விரலால் தொட்டுத் தொட்டுப் போகும். நாலு நாள் போனால் விரல் நின்றுவிடும். மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு என்று வாய் சொல்லும். அதே குழியில் பதின்மூன்று இருந்தால்? பதினாறு வரும், அப்படி ஒரு குழியே இல்லையே! கொஞ்சநேரம் விழிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "டீச்சர், பதினாலு போனா ரெண்டுங்க!" என்று கத்துவாள். வகுத்தலில் மீதி என்பதை அதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையும் சொன்னதில்லை. இதில் தப்பாகச் சொன்னாலும் யாரும் அவுட் இல்லை. கொட்டை தானாகவே போய்ச் சரியான குழியில் விழுந்து விடையைக் காட்டிவிடும். டீச்சர் வாயால் 'தப்பு' என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது.

கிட்டிப்புள்ளில் அடித்த தூரத்தைத் தண்டால் அளப்பார்கள் அல்லவா? அளப்பதற்கு முன் எத்தனை தண்டு என்று மதிப்பிடச் சொன்னால் அது அளவைப் பாடம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. தனி ஆடு ஒவ்வொன்றும் புலிக்கு இரைதான். கூடி நின்று வழியை அடைத்தால் புலி அசைய முடியாது. குடிமையியலுக்கு நல்ல ஆட்டம். தமிழுக்கு, நம் கொங்கு நாக்கில் ழகரம் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. விலை, விளை, விழை. கலை, களை, கழை என்று சீட்டு எழுதி மடித்துப் போடுவேன். எடுத்தவள் வாயால் சொல்லக்கூடாது, நடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சிலேட்டில் எழுத வேண்டும். களை பறிப்பதுபோல் குனிந்தால் எல்லாச் சிலேட்டிலும் எழுத்து விழும். ஒருவர் நடிக்க நாற்பது பேர் எழுதுகிறார்கள். அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

இனி, தலைப்பில் சொன்ன ஒப்புக்குச் சப்பாணிக்கு வருகிறேன். சொல் கொஞ்சம் முரடானது. இன்று ஒரு பிள்ளையை அப்படி அழைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். அக்கா விளையாட வரும்போது இடுப்பில் தம்பியையும் தூக்கி வருவாள். அவனை விட்டுவிட்டு ஆட முடியாது. உடனே பிள்ளைகளே கூடி ஒரு தீர்ப்புச் சொல்வார்கள்: இவன் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடித்தாலும் அவுட் இல்லை. எல்லாரும் ஆடுகிற அதே ஆட்டத்தில் அவனும் நின்று, பார்த்துப் பார்த்துச் சட்டங்களைக் கற்றுக்கொள்வான். ஒரு வருடம் கழித்து அவனே, "நானும் நெசமா ஆடறேன்" என்பான். அன்றோடு அந்தப் பட்டம் போய்விடும். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்காத பிள்ளைகள் தெருப்புழுதியில் நின்று கண்டுபிடித்த கல்விமுறை இது. அவனை வெளியே அனுப்பவும் இல்லை, அவனுக்காக ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை.

இதே எண்ணம் ஒருமுறை நம் மாநிலம் முழுவதும் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. செயல்வழிக் கற்றல் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி பள்ளியினர், சுற்றியிருந்த கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையை ஒட்டி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களே பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்ததால், 2007-08இல் அது முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சும் மேஜையும் போய், பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்து, ஏணிப்படியாக அமைந்தது. சில படிகள் ஆசிரியரோடு, சில படிகள் தோழனோடு, சில தனியாக; நடுநடுவே விளையாட்டு அட்டைகளும் உண்டு.

என்னைக் கவர்ந்தது அந்த ஏணிதான். காய்ச்சல் வந்தோ, பாட்டி ஊர் நோம்பிக்குப் போயோ, பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலேயே மறுபடி கால் வைக்கலாம். வகுப்பு முன்னால் போய்விட்டதே என்ற பயம் இல்லை. அவனும் அவுட் இல்லை.

(தோழன் தோழனுக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்று அங்கே புகழ் பெற்றது. நம் மணல் கப்பலேறிப் போய் வந்திருக்கிறது!)

செயல்வழிக் கற்றலுக்குக் குறையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளின் பல படிகளைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் அட்டையை எடுத்து அட்டையை வைப்பதே படிப்பு என்றாகி, பேச்சு குறைந்துபோனது. பெற்றோரின் சந்தேகமும் தீரவில்லை. பின்னர் அது எளிமையாக்கப்பட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூன் மாதம் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம், விளையாட்டு வழியாக நடத்தச் சொல்கிறார்கள். பெயர்கள் அழகானவை. ஆனால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அரும்பில் இருப்பவனுக்குத் தான் அரும்பு என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். எந்தப் பெயரைச் சூட்டினாலும் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

இப்போது இந்த ஊரின் வகுப்பறைக்கு வருவோம். கோவையைச் சுற்றிக் கட்டட வேலைக்கும் பட்டறைகளுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. அவர்களில் சிலர் நம் கோவிலுக்கும் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வந்து உட்காரும்போது, வாரக்கணக்கில் வாய் திறப்பதில்லை. மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். சுவரைப் பார்த்தபடியே இருப்பாள். பல்லாங்குழி ஆடும்போது ஒருநாள், எதிரே இருந்தவள் கடைசிக் குழியைத் தப்பாகச் சொன்னாள். இவள் வாய் பேசாமல் சரியான குழியின்மேல் விரலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள். மூன்றாம் தடவை அவளுடைய மொழியில் எண்ணைச் சொன்னாள். சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அந்த வாரம் முழுக்க இவர்கள் அவளிடம் ஒரியாவில் எண்ணக் கற்றார்கள். அவள் இவர்களிடம் தமிழில் எண்ணக் கற்றாள். நான் செய்தது ஒன்றுமில்லை, குழிப்பலகையை நடுவில் வைத்தேன், அவ்வளவுதான். ஏட்டைக் காட்டி நான் கேட்டிருந்தால் அவளுக்குக் கணக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். என் வயதினர் சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். மனப்பாடத்தை நான் இகழ மாட்டேன். செபங்கள் நாவில் இருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்து, வீட்டில் காலைப் பலகாரம் காத்திருக்கிற நேரத்தில், ஒரு மணி நேரம் கேள்வி பதிலே என்றால் பிள்ளைகள் ஏன் வருவார்கள்? பரமபதத்தை முயன்று பாருங்கள். பழைய பரமபதப் படங்களில் ஏணியின் அடியில் நற்குணமும் பாம்பின் தலையில் தீக்குணமும் எழுதியிருக்கும். வெள்ளைக்காரர் எடுத்துப்போய் வெறும் எண்களாக்கிவிட்டார்கள். நாம் நற்செய்தியை வைத்து மறுபடி எழுதலாம்: நல்ல சமாரியன் ஏணி, ஊதாரி மகன் வீட்டைவிட்டுப் போன இடத்தில் பாம்பு, திரும்பி வந்த இடத்தில் ஏணி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாயக்கட்டை விழுந்தபடி மோட்சமும் நரகமும் கிடைப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளக் கூடாதே! ஆகவே ஏணியில் வந்து நின்றவன் அந்தக் கதையைத் தன் சொந்த வார்த்தையில் சொன்னபின்தான் ஏற வேண்டும். பாம்பின் வாயில் விழுந்தவனுக்கோ, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அவன் எழும்ப ஒரு வழி சொல்லலாம். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? இந்த ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை.

செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள். அதிலும் கணக்கு விளையாட்டு, சொல் விளையாட்டு எல்லாம் இருக்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன. ஆசிரியர் ஒருவர் கூட இருந்து ஆடவைத்தால் பயன் உண்டு. ஆனால் வேகமாகப் பதில் சொன்னவனுக்கே புள்ளி என்று வைத்திருப்பவை பழைய 'அவுட்' ஆட்டத்தின் புது வடிவம்தான். "எப்படிக் கண்டுபிடிச்சே கண்ணு?" என்று அந்தப் பெட்டி கேட்பதில்லை. எந்த ஆட்டமானாலும் கடைசி ஐந்து நிமிடம் இந்தக் கேள்விக்காக ஒதுக்குங்கள் என்று இளம் ஆசிரியர்களை வேண்டுகிறேன். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் ஆடியது வெறும் ஆட்டமாகவே போய்விடும்.

சிலபஸ் முடியாதே, சத்தம் வருமே, எச்.எம். என்ன சொல்வாரோ என்பவை உண்மையான கவலைகள். நாள் முழுவதும் விளையாடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு பீரியடு போதும். நான் சொன்ன அந்தத் தாய்மார்களுக்கும் இதையே சொல்வேன்: உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு யாரு ஜெயிச்சா?" என்று கேட்காதீர்கள். "உன் முறை எத்தனை தடவை வந்துச்சு?" என்று கேளுங்கள். ஒரே தடவைதான் என்று பிள்ளை சொன்னால், நேரே பள்ளிக்கு வந்து எங்களைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யூபிலி நினைவாக மறைக்கல்வி வகுப்புகளுக்கு இருபது பல்லாங்குழிப் பலகைகள் செய்து தருவதாக நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பலகைக்கு 70 வீதம் 1,400 புளியங்கொட்டை வேண்டும். தொலைவதற்கும் சேர்த்து 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் வீட்டில் புளி தட்டும்போது கொட்டையை வெளியே கொட்டிவிடாமல், கழுவிக் காயவைத்து, கோவில் வாசலில் வைத்திருக்கும் டின்னில் போடுங்கள். பலகைகள் வந்த முதல் ஞாயிறு, பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் உட்கார்ந்து ஆடப் பங்குத்தந்தையும் சம்மதித்திருக்கிறார்.

அரைமணி ஆகிவிட்டது.